பெரியநாயகியைச் சுட யாருமில்லை

விதி எழுத வந்திருக்கும் புதியவர்களே,

ஓய்வு பெற்றவனிடம் பேச்சுக் கொடுத்தால் லேசில் நிறுத்த மாட்டான் என்று தெரிந்தும் எடிட்டர் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். உங்கள் தலையெழுத்து. ஒரு டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பகலில் போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் உட்கார்ந்து தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுத்தேன். மாலையில் பத்துபஸ்தி வீட்டில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் நம் கம்பெனிக்காக விண்கப்பல் போர் ஆட்டங்களுக்கு விதி எழுதினேன். பகலெல்லாம் ‘கப்பல் இன்றைக்குப் போகாது’ என்று சொல்வது, மாலையெல்லாம் ‘கப்பல் வெடித்துவிட்டது’ என்று எழுதுவது. இரண்டுக்கும் யாரும் நன்றி சொன்னதில்லை. இப்போது இரண்டு வேலையிலிருந்தும் ஓய்வு. இரண்டு இடத்திலும் வழியனுப்பும்போது சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டுகின்றன. எனக்கு எது வசதியோ அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் விதி எழுதியும் வீட்டு மேஜையில் நான் ஜெயித்ததாக என் மனைவிக்கு நினைவில்லை. “தானே எழுதின ரூல்ல தானே தோக்கிற ஆளை இந்த வீட்லதான் பாக்கலாம்” என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று உங்கள் வீட்டில் இன்னும் புரிந்திருக்காது. அவர்களிடம் காட்டத் தோதாக நம் தொழிலை இரண்டு வரியில் சொல்கிறேன். மேஜைமேல் சின்னச் சின்ன விண்கப்பல் பொம்மைகள். ஆடுகிறவர்கள் ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வைத்து அதற்குள் கப்பல் வாங்கிக்கொள்வார்கள், அளவுகோல் வைத்துத் தூரம் அளப்பார்கள், பகடை உருட்டிச் சுடுவார்கள். எந்தக் கப்பலைச் சுட்டால் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். அவ்வளவுதான் வேலை. எறும்பைக் கல்லால் அடிப்பது கஷ்டம், யானையை அடிப்பது சுலபம் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கஷ்டம், எவ்வளவு சுலபம் என்று கேட்டால்தான் நம் பிழைப்பு ஆரம்பிக்கிறது.

ஆரம்பத்தில் நான் யானை, எறும்பு என்று நிறுத்தவில்லை. சாதாரணமாக ஐந்து விழுந்தால் அடி. சின்னக் கப்பலா, விழுந்ததில் ஒன்று கழி. தூரத்தில் இருக்கிறதா, ஒன்று கழி. வேகமாகப் போகிறதா, இன்னொன்று கழி. தூசுமேகத்தில் இருக்கிறதா, அதற்கும் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், தூரத்தில் வேகமாகப் பறக்கும் சின்னக் கப்பலை அடிக்க ஆறு முகப் பகடையில் எட்டு விழ வேண்டும். எழுதும்போது கவனிக்கவில்லை. இலக்கியம் படைக்கும் மயக்கத்தில் இருந்தேன்.

அந்த விதியை வைத்து என் நண்பர்கள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விளையாடினார்கள். இரண்டு பேருமே சின்னக் கப்பல்களாக வாங்கி, மேஜையின் இரண்டு ஓரத்திலும் நின்றுகொண்டு, பஜ்ஜி தட்டு காலியாகும்வரை சுட்டார்கள். ஒரு கப்பலுக்கும் கீறல் இல்லை. கை துடைத்துவிட்டு எழுந்தபோது அவர்களில் ஒருவர் சொன்னார்: “நல்ல கேம் பாய். சமாதானப் பேச்சுவார்த்தைக்கு ரொம்பத் தோது.”

எடிட்டருக்கு விவரம் எழுதினேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர். வார்த்தைகளைக் காசு மாதிரி எண்ணி எண்ணித்தான் செலவு செய்வார். இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அது அவர் வாயிலிருந்து அப்படி உதிர்ந்ததுதான். பதில் ஒரே வரி: “உருட்டுவதற்கு முன்பே முடிவு தெரிந்தால் பகடை எதற்கு?” கழித்தல் பட்டியல் முழுவதையும் கிழித்தேன். கப்பலின் பருமன் ஒன்று மட்டும் மிஞ்சியது. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரையும்.

அந்த நண்பர்கள் இருவரையும் இப்போது முறையாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். பஜ்ஜி தின்று சமாதானம் பேசியவர் பிஸ்வாஸ் தா. வங்காளி (‘தா’ என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்), அபர்டீன் பஜாரில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர் கமலா. ஆஸ்பத்திரி லேபில் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்களே, அந்தக் குடும்பம். பிஸ்வாஸ் தாவுக்குத் தமிழ் புரியும். பேச வேண்டிய இடத்தில் இந்தி வந்து குதிக்கும். கமலாவுக்கு எந்த மொழியிலும் பேசத் தயக்கமில்லை. என் சோதனைக் கூடம் இவ்வளவுதான். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் என்பதால் ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் மேஜை அதிர்ந்து, சின்னக் கப்பல்கள் ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். “அது என் ஸ்பீடு” என்பார் பிஸ்வாஸ் தா.

புதிய ஆட்டத்தில் இரண்டே வகைக் கப்பல். சின்னது குளவி, பட்டாணி அளவு. பெரியது பெரியநாயகி, உள்ளங்கை நிறைய இருப்பாள். பெரியநாயகியைச் செய்தது கோயம்புத்தூரில் நிவேதா என்ற பெண். அவளுக்கு முதல் வேலை. ஜன்னல் ஜன்னலாக, குழல் குழலாகச் செதுக்கி, கடைசியில் வயிற்றுப் பக்கம் யாரும் பார்க்காத இடத்தில்கூடச் சின்ன ஏணி ஒன்று வைத்திருந்தாள். மாதிரி இரண்டைப் பஞ்சில் பொதிந்து எனக்கு அனுப்பியிருந்தாள். பெண் களிமண்ணை வைத்துக்கொண்டு விளையாடுகிறாள் என்பது அவள் அப்பாவின் எண்ணம். “அந்த கேம் பெட்டி கடைக்கு வரட்டும், உன் கப்பலைக் கண்ணால பாக்கறேன். இல்லாட்டி பேங்க் கோச்சிங் கிளாஸ்” என்று சொல்லி வைத்திருந்தார். அவள் வாரம் ஒரு முறை போன் செய்து, “அங்கிள், என் கப்பல் எப்படிச் சண்டை போடுது?” என்று கேட்பாள்.

“ராணிம்மா. கிட்ட போக எவனுக்கும் தைரியமில்ல” என்பேன்.

பொய்யில்லை. என் மேஜையில் அப்படித்தான் நடந்தது. விதி இதுதான்: குளவி சின்னது, அதை அடிக்க ஆறு விழ வேண்டும். பெரியநாயகி பெரியவள், மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் போதும். குளவி இரண்டு அடி தாங்கும், பெரியநாயகி எட்டு அடி தாங்குவாள். உடம்பு நான்கு மடங்கு என்பதால் புள்ளிக் கணக்கில் விலையும் நான்கு மடங்கு: நான்கு குளவிக்குப் பதில் ஒரு பெரியநாயகி. வாரக்கணக்கில் ஆடினோம். கடைசிச் சுற்று முடியும்போது எந்தப் பக்கத்துப் பெரியநாயகி ஆனாலும் நிமிர்ந்து நிற்பாள், சுற்றிலும் குளவிகள் செத்துக் கிடக்கும். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. ‘பெரியநாயகி சற்று அதிக பலமாக இருக்கிறாளோ? விலையை ஏற்றலாமா?’ என்று எடிட்டருக்கு எழுதினேன். இந்த வரியை அவர் இன்னும் வைத்திருக்கிறார். நான் அதிகம் பேசும் நாட்களில் எடுத்து அனுப்புவார்.

நல்லவேளை, விலையை ஏற்றுவதற்கு முன் சென்னையில் ஐந்து மேஜை போட்டு, வெளியாட்களை வைத்து ஆடிப் பார்த்தார். சனிக்கிழமை காலை அவர் செய்தி வந்தது.

“பெரியநாயகி மூன்றாம் சுற்றில் காலி. ஐந்து மேஜையிலும்.”

அடுத்தது: “இரண்டாவது ஆட்டத்தில் அவளை யாருமே வாங்கவில்லை. எல்லோரும் குளவி.”

அதற்கடுத்தது: “திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் சரியானால் சரி. இல்லையென்றால் பெட்டியில் குளவிகள் மட்டும். நிவேதாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.”

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் கையிலிருந்த டீ ஆறிவிட்டது. சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவனுக்கு இது ஒரு கஷ்டம். கெட்ட செய்தியை எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாது. ஜெட்டியில் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் சொல்லிவிடலாம். போனில் கண்ணாடி கிடையாது.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? சென்னைக்காரர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். உங்களுக்கும் இந்த எண்ணம் வரும். வரும்போது தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுங்கள். நான் படுக்கவில்லை. பிஸ்வாஸ் தாவையும் கமலாவையும் மதியமே வரச் சொன்னேன். ஆட விட்டேன். இந்த முறை நான் ஆடாமல், பேசாமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கமலாவின் பெரியநாயகி மேஜை நடுவில் நிற்கிறாள். பிஸ்வாஸ் தாவின் குளவிகள் அவளைச் சுற்றி நெருங்குகின்றன. மூன்று விழுந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். பிஸ்வாஸ் தா அளவுகோலை வைக்கிறார். அவளைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும் குளவியைக் குறிவைக்கிறார். ஆறு விழ வேண்டும். விழவில்லை. அடுத்த குளவி. மறுபடி அவளைத் தாண்டி. மறுபடி விழவில்லை. கமலாவின் முறை வந்தது. அவரும் அப்படியே. பிஸ்வாஸ் தாவின் பெரியநாயகி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றாள். கமலா அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“தா, எதிர்லயே பெரிய கப்பல் நிக்குது. ஏன் அதை அடிக்கல?” என்று கேட்டேன்.

பிஸ்வாஸ் தா என்னை வினோதமாகப் பார்த்தார். “அரே பாய், ஜஹாஜ் கோ கோன் மார்தா ஹை?”

“கப்பலை யார் அடிப்பாங்கன்னா என்ன அர்த்தம்? இது போர்.”

“போர்னா? கப்பலை மூழ்கடிச்சிட்டா அப்புறம் மெயின்லேண்ட்லருந்து சாமான் எப்படி வரும்?”

“இது விண்வெளி, தா.”

“விண்வெளில வெங்காயம் வேணாமா?”

கமலாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “அவரு சொல்றது சரிதானேண்ணே. நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கும்போது கச்சால்ல கப்பல் வருதுன்னா ஸ்கூலே காலி. மருந்து அதுலதான், அரிசி அதுலதான், மாமா வாரதும் அதுலதான். காத்து அடிச்சு கப்பல் நிக்காமப் போச்சுன்னா அம்மா அன்னிக்கு யாரோடயும் பேசாது. அதைப் போயி சுடச் சொல்றீங்களே. கை வருமா?”

“சரி, ஒரே ஒரு தடவை, சோதனைக்காக” என்று பகடையை நீட்டினேன்.

கமலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிஸ்வாஸ் தா வாங்கினார். இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். “மாஃப் கர்னா, மா” என்று பெரியநாயகியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தப் பகடையை அவர் எறிந்த எறியில் அது மேஜையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, சமையலறையில் போய் நின்றது. “ஒன்னு விழுந்திருக்கு” என்று என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். பிஸ்வாஸ் தா நிம்மதியாக டீயை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. நான் மட்டும் என்ன யோக்கியம்? எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறேன். அவளை ஒரு முறையாவது குறிவைத்திருக்கிறேனா? இல்லை. பகலெல்லாம் கவுண்டரில் கப்பல் வருமா, வருமா என்று கேட்கும் முகங்களைப் பார்த்துவிட்டு வந்தவன் மாலையில் கப்பலைச் சுடுவானா? வாரக்கணக்கில் நாங்கள் சோதித்தது விதியை அல்ல. தீவுக்காரர்கள் கப்பலைச் சுட மாட்டார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நிரூபித்திருக்கிறோம்.

இருவரையும் அனுப்பிவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. குளவியின்மேல் ஆறு முறை சுட்டால் ஒன்று படும். அது இரண்டு அடி தாங்கும். ஆக ஒரு குளவியை ஒழிக்கச் சராசரியாகப் பன்னிரண்டு முறை சுட வேண்டும். பெரியநாயகியின்மேல் ஆறுக்கு நான்கு படும். எட்டு அடி தாங்குவாள். அவளை ஒழிக்கவும் பன்னிரண்டு முறைதான். உடம்பை நான்கு மடங்கு கொடுத்த அதே கையால், அடிபடும் வாய்ப்பையும் நான்கு மடங்கு கொடுத்திருக்கிறேன். ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. நான்கு குளவியின் விலை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு குளவியின் ஆயுளை விற்றிருக்கிறேன். சென்னையில் இரண்டாவது ஆட்டத்தில் அவளை யாரும் வாங்காததில் என்ன ஆச்சரியம். அவர்கள் புத்திசாலிகள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தப்பு தெரிந்துவிட்டது, நேரம் இல்லை. அப்போது கை என்ன செய்யும் தெரியுமா? எதையாவது சேர்க்கும். கவசம் என்று ஒரு விதி சேர்க்கலாம் என்றது என் கை. எட்டு அடியை முப்பதாக்கலாம் என்றது. அவளையும் ஆறு விழுந்தால்தான் அடிக்க முடியும் என்று மாற்றலாம் என்றுகூடச் சொன்னது. கவசம் சேர்த்தால் விதிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் கூடும், திங்கள் காலைக்குள் அதில் என்னென்ன ஓட்டை என்று யாருக்குத் தெரியும்? முப்பது அடி என்றால் ஆட்டம் முடிய விடிந்துவிடும். மூன்றாவது யோசனைப்படி, பலாப்பழத்தைக் கல்லால் அடிப்பதும் பட்டாணியை அடிப்பதும் ஒன்று என்று ஆகிவிடும். உள்ளங்கை நிறையக் கப்பல் செய்த நிவேதாவுக்கு அது அவமானம்.

ஆகவே எதையும் சேர்க்கவில்லை. வித்தியாசத்தைக் குறைத்தேன். குளவியை அடிக்க ஐந்தோ ஆறோ. பெரியநாயகியை அடிக்க நான்கோ அதற்கு மேலோ. இப்போதும் பெரியதை அடிப்பது சுலபம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கணக்குப்படி குளவிக்கு ஆறு முறை, பெரியநாயகிக்குப் பதினாறு முறை சுட வேண்டும். விலையை மூன்று குளவிக்கு இறக்கினேன். மூன்று குளவிக்குப் பதினெட்டு முறை வருமே, அவளுக்கு இரண்டு குறைகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். குளவி ஒன்று செத்தால் அதன் துப்பாக்கியும் செத்துப்போகும். பெரியநாயகி கடைசி அடி வாங்கும்வரை எல்லாத் துப்பாக்கியாலும் சுடுவாள். அந்த இரண்டை அவள் அங்கே வசூலித்துக்கொள்வாள்.

பருமனுக்குத் தண்டனை ஒரே முறைதான். சுலபமாக அடிபடுகிறாளா, விலையைக் குறை. விலை அதிகமா, அடிபடுவதைக் குறை. இரண்டையும் அவள் தலையில் கட்டாதே. எடிட்டர் பாணியில் சொல்லிப் பார்த்தேன். அவர் இதைப் பாதி வார்த்தையில் முடித்திருப்பார்.

காகிதத்தில் சரி. மேஜையில்? சோதிக்க ஆள் வேண்டும். கப்பலைச் சுடக் கை கூசாத ஆள், போர்ட் பிளேரில், ஞாயிற்றுக்கிழமை. பத்துபஸ்தி முழுக்க யோசித்தேன். எல்லோரும் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள்.

ஞாயிறு காலை காற்று பலமாக அடித்தது. வீட்டுத் தகரம் தடதடத்தது. மனைவி துணி எடுத்துக்கொண்டே, “இந்தக் காத்துல ஹேவ்லாக் தீவுக் கப்பல் கேன்சல்தான்” என்றாள். ஜன்னலருகே நின்றிருந்த நான் அப்படியே திரும்பினேன். கப்பல் கேன்சல். கப்பல்மேல் கொலைவெறியில் இருக்கும் மனிதர்கள் கூட்டமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருடம் அவர்களுக்குப் பயந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அன்றைக்குக் கப்பல் பெட்டியையும் பகடையையும் தூக்கிக்கொண்டு அவர்களைத் தேடி ஓடினேன்.

ஃபீனிக்ஸ் பே காத்திருப்புக் கூடம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கொதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு புதுக் கல்யாண ஜோடி, பெரிய சூட்கேஸ் இரண்டு. கணவர் போர்டை முறைத்துக்கொண்டிருந்தார். மனைவி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பேசியதில் திருப்பூர் என்று தெரிந்தது. மனைவியின் பெயர் சரண்யா.

“தம்பி, கப்பல் மேல கோவமா?” என்று கேட்டேன்.

“பின்ன என்னங்க. ரூம்புக்கெல்லாம் சொல்லி வெச்சாச்சு. அந்தக் கப்பல் மட்டும் கையில கெடைச்சா…”

“கிடைக்கும்” என்று சூட்கேஸைப் படுக்கவைத்து, அதன்மேல் பெரியநாயகியை வைத்தேன்.

சரண்யா சிப்ஸை வைத்துவிட்டுக் கப்பலை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வயிற்றுப் பக்கத்து ஏணியைக் கண்டுபிடித்துவிட்டார். “இது எனக்குங்க” என்றார். கணவருக்கு மூன்று குளவி. எனக்கு அதைவிட நல்ல சோதனை வாய்த்திருக்காது: ஒருவருக்கு அவளைக் காப்பாற்ற வேண்டும், இன்னொருவருக்கு அவளை ஒழித்தே ஆக வேண்டும்.

அவர் சுட்டார் பாருங்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் ‘இது ரூமுக்கு’, ‘இது டாக்ஸிக்கு’ என்று சொல்லிச் சொல்லிச் சுட்டார். சுற்றி ஆள் கூடிவிட்டது. கப்பலுக்கு அடி விழும்போதெல்லாம் பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். என் ஆட்டத்துக்கு அன்றுவரை யாரும் கைதட்டியதில்லை. மூன்றாம் சுற்று வந்தது. சென்னையில் அவள் காலியான சுற்று. பெரியநாயகி நின்றாள். ஒரு குளவியையும் வீழ்த்தியிருந்தாள். நான்காம், ஐந்தாம் சுற்றிலும் நின்றாள். கடைசிச் சுற்றில் அவளுக்கு ஒரே ஒரு அடி பாக்கி, அவருக்கு ஒரே ஒரு குளவி பாக்கி, அதற்கும் ஒரு அடிதான் மிச்சம். சரண்யா சுட்டார், விழுந்தது நான்கு. குளவிக்கு ஐந்து வேண்டும். கணவர் சுட்டார், நான்கு. அவருக்கு அதுவே போதும்.

கூடமே ஆரவாரித்தது. பெரியநாயகி மூழ்கினாள்.

என் கை சும்மா இருக்கவில்லை. எட்டை ஒன்பதாக்கினால் என்ன என்று பேனாவைத் தேடியது. ஒரு ஆட்டத்தில் தோற்றதற்காக விதியை மாற்றுகிறவன், ஒரு மழைக்காக வீட்டை மாற்றுகிறவன். இதை இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்குப் பேனா கையில்தான் இருந்தது. அதற்குள் போன் அடித்தது. எடிட்டர்.

“ஜெட்டியில் ஒரு கல்யாணப் பெண் அவளை எடுத்து ஆடினார். கடைசிச் சுற்றுவரை நின்றாள்” என்றேன்.

“யார் ஜெயித்தது?”

“குளவி.” சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“அடுத்த ஆட்டத்துக்கு அந்தப் பெண் எதை எடுக்கிறாள்?”

நான் சூட்கேஸ் பக்கம் திரும்பினேன். கணவர் தாராளமாக, “இந்தத் தடவை நீ குளவி எடுத்துக்க, நான் பெருச எடுத்துக்கறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரண்யா பெரியநாயகியைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

“ஏனுங்க, அதெல்லாம் ஆவாது. இவதான் எனக்கு. ஒரே ஒரு நம்பர்ல போச்சு. நீங்க கிட்ட வாங்க, பாத்துக்கறேன்.”

போனில் அது கேட்டிருக்கிறது. “அச்சுக்கு அனுப்புகிறேன்” என்றார் எடிட்டர். வைத்துவிட்டார்.

புதியவர்களே, எங்கள் கணக்கையெல்லாம் விட எனக்கு அந்த ஒரு கேள்விதான் பெரிசு. ஜெயித்தவரைக் கேட்காதீர்கள், அவர் எதைச் சொன்னாலும் நன்றாக இருந்தது என்பார். தோற்றவர் மறுபடி எதைக் கையில் எடுக்கிறார் என்று பாருங்கள்.

அன்று மாலை நிவேதாவே கூப்பிட்டாள். “அங்கிள், என் கப்பல் எப்படிச் சண்டை போடுது?”

“இன்னிக்கு மூழ்கிட்டாம்மா. கூட்டமே கைதட்டுச்சு” என்றேன். நடந்தது முழுவதையும், திங்கள் காலை அச்சு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, “அவங்க அந்த ஏணியைப் பாத்தாங்களா?” என்று கேட்டாள். பார்த்தார்கள் என்றேன். அது போதும் அவளுக்கு. பெட்டி வந்ததும் அவள் அப்பா விதிப் புத்தகத்தைத் திறக்கவேயில்லையாம். கப்பலை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாராம். கோச்சிங் கிளாஸ் பேச்சு அதன்பிறகு எழவில்லை. அவள் இப்போது உங்கள் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், சந்தேகமிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பெட்டிகள் கப்பலில்தான் வந்தன, தாமதமாகத்தான் வந்தன. பத்துபஸ்தி மேஜையில் புது விதியோடு ஆட்டம் தொடர்ந்தது. பிஸ்வாஸ் தாவும் கமலாவும் இன்றுவரை பெரியநாயகியைச் சுடுவதில்லை. ஒரு நாள் எனக்கு வீம்பு வந்தது. எழுதியவன் நான், கணக்குத் தெரிந்தவன் நான், மூடநம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்லி, கமலாவின் பெரியநாயகியைக் குறிவைத்துச் சுட்டேன். சுட்டுக்கொண்டே இருந்தேன். பகடை அன்று என் பேச்சைக் கேட்டது. மூழ்கடித்தேன். வாழ்க்கையில் முதல் வெற்றி. கமலா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிஸ்வாஸ் தா டீயைக்கூட முடிக்கவில்லை.

மறுநாள் காலை கமலாவின் போன். “மெயின்லேண்ட் கப்பல் லேட்டாம்ணே. எப்ப வரும்னு தெரியாதாம். எல்லாம் நீங்க நேத்து செஞ்ச வேலை.”

கடல் மோசம், எந்திரக் கோளாறு, ஆயிரம் காரணம் இருக்கும் என்று விளக்கினேன். நிகழ்தகவை வைத்துப் பிழைத்தவன் நான். கமலா கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, “சரிண்ணே” என்று வைத்துவிட்டார். அபர்டீன் பஜாரில் இறங்கினால், பிஸ்வாஸ் தா கடை வாசலில் நின்று, பக்கத்துக் காய்கறிக் கடைக்காரரிடம் என்னைச் சுட்டிக் காட்டினார். “யஹி ஹை. இவருதான்.” காய்கறிக் கடைக்காரர் காலி வெங்காயக் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கூடையைப் பார்த்தார்.

மாலை வீட்டுக்கு வந்து, பெரியநாயகியை எடுத்துத் துடைத்து, மேஜை நடுவில் நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் கப்பல் கரைக்கு வந்துவிட்டது. தற்செயல்தான். எனக்குத் தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் அன்றிலிருந்து நானும் குளவிகளை மட்டும்தான் சுடுகிறேன். தோற்றுக்கொண்டேயிருக்கிறேன். வெங்காயம் வந்துகொண்டிருக்கிறது.